உயிலும் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில், உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவருக்கும் அதன்படி சொத்துப் பெற வேண்டியவர்களுக்கும் இடையே எழுந்த தகராறுகளே மிகுதி. அவற்றுள் நான்கை எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். உயிலை நடைமுறைப்படுத்துமாறு அந்த உயிலிலேயே நியமிக்கப்பட்டவரை நிறைவேற்றுநர் என்று குறிப்பிடுகிறோம். வக்கீல்கள் எக்ஸிகியூட்டர் என்று சொல்வது இவரைத்தான்.

கேள்வி: குலசேகரத்தை அடுத்த ஊரைச் சேர்ந்தவள் நான், எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் பதிவு செய்து வைத்த உயிலில், வடபுறத்து ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டத்தை எனக்கும், வீட்டையும் மீதித் தோட்டத்தையும் இரண்டு அண்ணன்மாருக்கும் எழுதி, மூத்த அண்ணனை நிறைவேற்றுநராக நியமித்திருக்கிறார். கடன் எதுவும் கிடையாது. இன்றுவரை என் தோட்டத்திலும் அண்ணனே ஆள் வைத்துப் பால் வெட்டி, ஷீட் அடித்து விற்கிறார். கேட்டால், “புரொபேட் வாங்காமல் எதையும் தர முடியாது” என்கிறார். வேறொரு சமயம், “அது உன் பங்குதான், அடுத்த வருஷம் எழுதித் தருகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மரங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடப் பேசி வருவதாகவும் தெரிகிறது. உயிலில் சொல்லப்படாத 27 சென்ட் புரையிடம் (மனை நிலம்) ஒன்று இருக்கிறது. அதில், “சீதனம் வாங்கிப் போனவளுக்குப் பங்கில்லை” என்கிறார்கள். அம்மா இருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் அண்ணன் ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளில் இருக்கிறார். வீட்டிலும் மீதித் தோட்டத்திலும் அவர் பங்குதாரர். உங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை வெறும் நிறைவேற்றுநர். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 211-ஆம் பிரிவில், இறந்தவரின் சொத்து நிறைவேற்றுநரிடம் வந்து சேர்கிறது என்று கூறுவது உண்மைதான்; ஆனால் இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் மட்டுமே அது அவரிடம் வருகிறதே தவிர, அனுபவிப்பதற்காக அன்று. குடும்பத்துக்குள் ஒருவரையே இரு நிலைகளிலும் அமர்த்தும்போது, எந்தப் பணத்தை எந்த நிலையில் தொடுகிறோம் என்பது அவருக்கே மறந்துபோகிறது. நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி இந்த மறதியிலிருந்துதான் பிறக்கிறது.

புரொபேட் என்பது, உயில் உண்மையானது என்று நீதிமன்றம் மெய்ப்பித்து நிறைவேற்றுநருக்கு வழங்கும் சான்று. அதைக் கட்டாயமாகப் பெற வேண்டும் என்ற விதி, இந்துக்களைப் பொறுத்தவரை, சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய பழைய மாகாண நகரங்களைச் சார்ந்தே இருந்து வந்தது; இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆகவே குலசேகரத்துத் தோட்டத்தை உங்களிடம் ஒப்படைக்கப் புரொபேட் இல்லை என்பது ஒரு தடையாகாது. விரும்பினால் பெறலாம் என்பது வேறு. உண்மையில் புரொபேட் பெறுவது நிறைவேற்றுநரைவிடப் பயனாளிகளுக்கே அதிகப் பாதுகாப்பு என்பது எமது கருத்து. ஏனெனில் 317-ஆம் பிரிவின்படி, புரொபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் கடமை அப்போதுதான் தொடங்குகிறது. நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் புரொபேட் பெறாமலேயே உயிலை நடத்திக்கொள்வதால், அந்தக் கெடுநாள் யார் தலைக்கு மேலும் தொங்குவதில்லை, கணக்கும் எழுதப்படுவதில்லை. புரொபேட் வேண்டும் என்று அண்ணன் உண்மையாகவே கருதினால், நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய மூன்று ஆண்டுகளாக அவரைத் தடுத்தவர் யாருமில்லை என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

உயிலில் கண்ட எதையும் இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை ஒப்படைக்க நிறைவேற்றுநர் கடமைப்பட்டவர் அல்லர் என்று 337-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதியிருந்தாலும் இந்த ஓராண்டு அவகாசம் அவருக்கு உண்டு. கடன்காரர்கள் யார், வர வேண்டியவை எவை என்று கண்டறிவதற்காகத் தரப்பட்ட அவகாசம் அது. உங்கள் விஷயத்தில் அது முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதைவிட முக்கியமானதும், பலர் கவனிக்கத் தவறுவதும் 349-ஆம் பிரிவு: இன்ன சொத்து இன்னாருக்கு என்று குறிப்பிட்டு எழுதப்பட்டிருந்தால், அச்சொத்தின் நிகர வருமானம் எழுதியவர் இறந்த நாளிலிருந்தே அந்தப் பயனாளிக்கு உரியது. அதாவது அந்த ஓராண்டில் தோட்டத்தை ஒப்படைப்பதை அண்ணன் தள்ளிவைத்திருக்கலாம். அதன் வருமானத்தைத் தம்முடையதாக்கிக்கொள்ள அந்த ஓராண்டிலும் அவருக்கு உரிமையில்லை. வெட்டுக்காரர் கூலி, ஆசிட், மழைக்காலத்தில் மரத்துக்குப் போடும் பிளாஸ்டிக் மறைப்பு, உரம், தீர்வை ஆகியவற்றை அவர் கழித்துக்கொள்ளலாம். ஷீட்டோடு ஒட்டுப்பால் விற்ற பணமும் வரவில் சேர வேண்டும்; கணக்குகளில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான். அண்ணன் ஷீட் கொடுக்கும் கடையின் பில்கள், இலையுதிர் காலம் போன்ற வெட்டு நின்ற நாட்கள், மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இப்போதே குறித்து வையுங்கள்.

“எழுதித் தருகிறேன்” என்பதற்கு வருவோம். பயனாளியின் உரிமை முழுமை பெற நிறைவேற்றுநரின் இசைவு தேவை என்று 332-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த இசைவு வாய்மொழியாக இருக்கலாம், நடத்தையிலிருந்தே ஊகித்துக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கலாம். அது கிடைத்துவிட்டால் இறந்த நாள் முதலே செல்லும். “அது உன் பங்குதான்” என்று அண்ணன் எழுதிய வாட்ஸ்அப் செய்தியை நீதிமன்றம் இசைவாகவே எடுத்துக்கொள்ள நல்ல வாய்ப்பிருக்கிறது. அதை அழிக்காமல், செல்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். உயில் மூலம் வந்த சொத்துக்கு அண்ணன் புதிதாக ஓர் ஆதாரம் (பத்திரம்) எழுதிப் பதிந்து தர வேண்டிய அவசியம் இல்லை.

மரக் குத்தகை பற்றிய செய்தி உண்மையானால் அதற்குத்தான் முதலில் அணை கட்ட வேண்டும். சொத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் நிறைவேற்றுநருக்குச் சட்டம் விரிந்த அதிகாரம் தந்திருக்கிறது என்றாலும், அது கடனை அடைக்கவும் சொத்தைப் பேணவும் தரப்பட்ட அதிகாரம். கடனே இல்லாத நிலையில், ஒருவருக்கென்று எழுதி வைத்த தோட்டத்தை, மரத்தில் பட்டையே மிஞ்சாதபடி வெட்டித் தீர்ப்பவரிடம் கொடுப்பது நிர்வாகம் ஆகாது. சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ சேதப்படுத்தியோ இழப்பு உண்டாக்கும் நிறைவேற்றுநர் அந்த இழப்பைத் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்கிறது 368-ஆம் பிரிவு. ஆனால் மரம் போன பிறகு ஈடு கேட்பதைவிட, போகாமல் தடுப்பதே மேல். ஆகவே இடைக்காலத் தடை கேட்கத் தயங்க வேண்டாம்.

முதலில், அப்பா இறந்த நாளில் இருந்த சொத்துகள், அன்று முதல் உங்கள் தோட்டத்தில் வந்த வரவு, ஆன செலவு, இப்போதைய இருப்பு ஆகியவற்றை முப்பது நாளுக்குள் எழுத்தில் தருமாறு கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். கடிதத்தில் கடுஞ்சொல் வேண்டாம். அது ஒருநாள் நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடப்படும் என்ற நினைவோடு எழுதுங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், சொத்தை ஒப்படைக்கவும் கணக்குக் காட்டவும் வேண்டி நிர்வாக வழக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை, 13-ஆம் விதிப்படி, நீதிமன்றம் முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை பிறப்பித்து, கணக்குகளை எடுக்கச் செய்த பின்னரே இறுதித் தீர்ப்பாணை வழங்கும். தேவைப்பட்டால் தோட்டத்தை நடத்த ஒரு ரிசீவரையும் நியமிக்கும். இடத்தின் எல்லையையும் மதிப்பையும் பொறுத்து வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்பதை உங்கள் வக்கீல் முடிவு செய்வார். உயில்வழிச் சொத்தை நிறைவேற்றுநரிடமிருந்து கேட்க 12 ஆண்டுகள் காலவரம்பு உண்டு என்பதால் பதற்றம் வேண்டியதில்லை. ஆயினும் பில்களும் சாட்சிகளும் 12 ஆண்டுகள் காத்திருக்க மாட்டா. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரசத்துக்கு அண்ணன் வருவாரானால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கணக்குத் தகராறுகள் அங்கே முடிவதுபோல் உரிமைத் தகராறுகள் முடிவதில்லை, உங்களுடையதோ பெரும்பாலும் கணக்குத் தகராறுதான்.

இனி, 27 சென்ட். மிச்சமுள்ள சொத்தெல்லாம் இன்னாருக்கு என்ற பொதுவாசகம் உயிலில் எங்கேனும் இருக்கிறதா என்று ஒருமுறை முழுமையாக வாசித்துப் பாருங்கள். இருந்தால் புரையிடம் அவருக்குப் போய்விடும். இல்லையானால் அது உயில் இல்லாத சொத்தாகவே பங்கிடப்படும். சீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கில்லை என்பது, நம் மாவட்டம் 1956 வரை சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் பழைய கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் நிழல். மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது அச்சட்டம்; சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. அது இந்த மாவட்டத்தில் நடப்பில் உள்ளதா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970-களில் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகள் வந்தன. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே நீங்கிவிட்டது என்று தீர்த்துவைத்தது. இப்போது பொருந்துவது இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் அம்மாவுக்கு 9 சென்ட், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 6 சென்ட். தகப்பனார் தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக்கூடாது என்று 49-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்வதால், சீதனப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். நெடுநாள் நண்பர் ஒருவர் தம் உயிலில் என்னை நிறைவேற்றுநராகப் போட்டுவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். வீடு மூத்த மகனுக்கு, பூதப்பாண்டிப் பக்கத்து வயல் மகளுக்கு, வங்கி வைப்புத்தொகை இளைய மகனுக்கு. வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருக்கிறது; மருத்துவமனைக்குப் பாக்கி இருக்கிறது; ஒரு கைமாற்றுக் கடனும் உண்டு. வளைகுடா நாட்டிலுள்ள இளைய மகன் உடனே பணத்தைக் கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்கிறார். காரியம் முடிந்த மறுநாளே மகள், உயிலில் குறிப்பிடப்படாத தகப்பனாரின் நகைகளை எடுத்துச் சென்றுவிட்டார். மருத்துவமனைப் பாக்கியில் ஒரு பகுதியை நான் செலுத்தியும் விட்டேன். இப்போது விலகிக்கொள்ள முடியுமா?

பதில்: ஐயா, இதுவரை எதிலும் கைவைக்காமல் இருந்திருந்தால் எழுத்துமூலம் மறுத்து ஒதுங்கியிருக்கலாம். மருத்துவமனைக்குப் பணம் செலுத்தி நிர்வாகத்தைத் தொடங்கிவிட்ட பின், பொறுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வர முடியாது. விடுவிக்கக் கோரி இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை, அதாவது நமக்கு மதுரைக் கிளையை, அணுக வேண்டும். இதே பிரிவின்கீழ்தான் பயனாளிகளும், நிறைவேற்றுநர் முறைகேடு செய்தால் அவரை நீக்கக் கோரலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், விலக வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது. நான்கு மாதத்தில் வழக்குப் போட்டாலும் இளைய மகனால் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மேலே சொன்ன ஓராண்டு அவகாசம் உங்களுக்கு உண்டு என்பதை அவருக்கு ஒரு கடிதத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்தஸ்துக்குத் தக்க ஈமச் செலவும், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்து மருத்துவச் செலவும் எல்லாக் கடனுக்கும் முன்னால் வரும். அடுத்து, பெற நினைத்தால் புரொபேட் செலவு. பிறகு, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த வீட்டுப் பணியாளர், கூலியாள் ஆகியோரின் சம்பளப் பாக்கி. அதன் பிறகே மற்றக் கடன்கள். எல்லாம் முடிந்த பின்பே உயிலில் கண்ட கொடைகள். கடன்காரர் ஒருவரை விட்டுவிட்டுப் பயனாளிக்கு முந்திக் கொடுத்தால் பின்னால் விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். வீட்டின் மீதுள்ள வங்கிக் கடனைப் பொறுத்தவரை, உயில் வேறுவிதமாகச் சொல்லாதிருந்தால், வீட்டைப் பெறும் மூத்த மகனே அந்தச் சுமையோடு பெறுகிறார். அதை இளையவரின் வைப்புத்தொகையிலிருந்து கட்டச் சொல்லி மூத்தவர் உங்களை நெருக்கினால் இணங்காதீர்கள். மற்றக் கடன்களை முதலில் உயிலில் ஒதுக்கப்படாத சொத்திலிருந்து அடைக்க வேண்டும். அது போதாமல் போனால்தான், குறிப்பிட்டு எழுதிய கொடைகளில் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் கழியும். கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வைப்புத்தொகை ஒன்றிலேயே கைவைத்துவிடக்கூடாது.

இங்கேதான் அந்த நகைகள் முக்கியமாகின்றன. உயிலில் சொல்லப்படாத நகைதான் கடனுக்கு முதலில் போக வேண்டிய சொத்து. வர வேண்டியதைத் திரட்டாமல் விட்டு இழப்பு நேர்ந்தால் நிறைவேற்றுநரே பொறுப்பு என்று 369-ஆம் பிரிவு சொல்கிறது. நண்பரின் மகள்தானே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். நகைகளின் எடையையும் விவரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தருமாறு அவரிடம் கேளுங்கள். இறுதிப் பங்கீட்டில் சரிசெய்துகொள்ள மூவரும் ஒப்பினால் நகை அவரிடமே இருக்கலாம். வயல் பாட்டத்தில் (குத்தகையில்) இருந்தால், நண்பர் இறந்த பின் வரும் கன்னிப்பூ, கும்பப்பூ விளைச்சலின் பாட்டம் மகளுக்கே உரியது என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டால் பேச்சு இளகும்.

இறந்தவரின் சொத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். உங்கள் ஓய்வூதியக் கணக்கில் ஒரு ரூபாயும் கலக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரே நாளில் மூவருக்கும் அனுப்புங்கள். ஒருவருக்கு முந்தியும் ஒருவருக்குப் பிந்தியும் தெரிவதே பாதிச் சந்தேகத்துக்குக் காரணம். நியாயமான கைச்செலவை எடுத்துக்கொள்ளலாம். உயிலில் ஊதியம் என்று எழுதாதபோது நீங்களாகவே மாதச் சம்பளம் எடுத்துக்கொண்டால் வழக்குக்கு நீங்களே வழிவகுத்ததாகும். ஒப்படைக்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். மூவருக்குள்ளும் இணக்கம் இல்லை என்று தெரிவதால், உங்களைப் போன்ற வெளியாள் புரொபேட் பெற்றுவிடுவது நல்லது. சிக்கல் எழும்போது, எப்படி நடக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்திடமே வழிகாட்டுதல் கேட்க 302-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் புரொபேட் பெற்றவருக்குத்தான் அந்த வசதி.

கேள்வி: மார்த்தாண்டத்தில் சாலையோரம் எங்கள் அப்பாவுக்கு இருந்த 8 சென்டை, நிறைவேற்றுநரான என் தம்பி, கடனை அடைப்பதற்காக என்று சொல்லித் தன் மனைவியின் பெயருக்கே விற்றுவிட்டான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆதாரத்தில் வழிகாட்டி மதிப்பே விலையாகக் காட்டப்பட்டிருக்கிறது. இந்த விற்பனை செல்லுமா?

பதில்: நிறைவேற்றுநர் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறந்தவரின் சொத்தை வாங்கினால், அதில் உரிமையுள்ள வேறு எவரும் அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம் என்கிறது 310-ஆம் பிரிவு. மனைவியின் பெயரில் வாங்குவது மறைமுக வாங்குதலுக்கு நேரடி உதாரணம். கடன் உண்மையாகவே இருந்ததா, விலை நியாயமானதா என்பவை இதற்கு அடுத்த கேள்விகள்தான். ஆனால் விற்பனை தானாகவே செல்லாமல் போய்விடாது. நீங்கள் வழக்குத் தொடுத்தால்தான் ரத்தாகும். விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வில்லங்கச் சான்று பெற்ற தேதியை நிரூபிக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தம்பி மனைவி அதை வெளியாருக்குக் கைமாற்றுவதற்கு முன் வழக்கு பதிவாகிவிட்டால், இடையில் வாங்குபவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

கேள்வி: தக்கலையைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. வாப்பா எல்லாச் சொத்தையும் காக்காவுக்கே (அண்ணனுக்கே) எழுதி, அவரையே நிறைவேற்றுநராகவும் நியமித்துவிட்டு மவுத்தாகிவிட்டார். உம்மா முன்பே இறந்துவிட்டார். நாங்கள் இரண்டு சகோதரிகள். எங்களிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கியிருப்பதாகக் காக்கா சொல்கிறார். வங்கிக் கணக்கிலும் அவரே நாமினி. எங்களுக்கு ஒன்றும் இல்லையா?

பதில்: முஸ்லிம் சட்டப்படி, அடக்கச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத்தாக (உயிலாக) எழுத முடியாது, அந்த ஒரு பங்கையும் வாரிசு ஒருவருக்கே எழுதினால், மற்ற வாரிசுகளின் சம்மதம் இன்றிச் செல்லாது. நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் சொத்து வாரிசு முறைப்படி பங்காகும்: நீங்கள் மூவர் மட்டுமே வாரிசுகள் எனில், காக்காவுக்குப் பாதி, உங்கள் இருவருக்கும் தலைக்குக் கால் பங்கு. நிறைவேற்றுநர் என்ற பதவி அவருக்கு நிர்வாகத்தைத் தருமேயன்றிக் கூடுதல் பங்கைத் தராது. நாமினி என்பவரும் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவரே தவிர உரிமையாளர் அல்லர். 1983-இல் சர்பதி தேவி வழக்கில், அன்றிருந்த சட்டப்படி, ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றியும், 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் வங்கிக் கணக்கு பற்றியும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே எல்லாம் அந்த ஒப்புதல் கடிதத்தைச் சுற்றியே நிற்கிறது. சுன்னி முஸ்லிம்களுக்குப் பொருந்தும் சட்டத்தில், எழுதியவர் இறந்த பிறகு தரப்பட்ட சம்மதமே கணக்கில் வரும். அந்தக் கடிதத்தின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, அதிலுள்ள தேதியையும், கையெழுத்திடும்போது அதில் என்ன எழுதியிருந்தது என்பதையும் முதலில் சரிபாருங்கள். வாப்பா இருந்த காலத்துத் தேதியாக இருந்தால், அந்தக் கடிதம் உங்களைக் கட்டுப்படுத்தாது.